கற்பூரச் சத்தியமும் இரண்டு அவுன்சு பிராந்தியும்

இந்த நோய் வருமுன் நான் யாராக இருந்தேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நான் வாய்மூடி இருந்த ஆண்டுகளில் அதைப் பிறர் எழுதிவிட்டார்கள்.

பழனி அடிவாரத்துக் கல்லூரி ஒன்றில் இரசாயன விரிவுரையாளனாகப் பதினான்கு ஆண்டுகளும், அதன் மாணவர் விடுதியில் துணைக் காப்பாளனாக ஆறு ஆண்டுகளும் பணியாற்றியிருந்தேன். சென்னையில் ஆனர்ஸ் பட்டம் பெற்றவன். எங்கள் குடும்பத்தார் மலைக்கோயிலுக்கு மூன்று தலைமுறையாகப் பூத்தொண்டு செய்பவர்கள். புகையிலை, சீட்டு, வழக்கு ஆகிய மூன்றும் என் வாசற்படி ஏறியதில்லை. பிள்ளையை விடுதியில் சேர்க்க வரும் பெற்றோர் காப்பாளர் அறையில் கையொப்பம் இட்டுவிட்டு என் அறைக்கு வருவார்கள். பையனின் கையைப் பிடித்து என் கையில் வைத்துவிட்டுப் போவார்கள். என்னிடமிருந்து பிறர் பறிக்கப் பார்த்தது எது என்பதை வாசகர் அறிவதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அது மதுவிலக்கு நடப்பில் இருந்த காலம். கடைகளை மூடினார்கள், குடி மூடவில்லை. மருந்துக் கடையில் இஞ்சி டிங்சராகவும், தச்சுப் பட்டறையில் வார்னிஷ் கரைக்கும் ஸ்பிரிட்டாகவும் அது புட்டியில் நின்றது. முதன்முறையாக வீட்டை விட்டு வெளியே தங்கும் பதினேழு வயதுப் பையன்களுக்கு இவற்றுள் எது தலையைச் சுற்றும், எது உயிரை வாங்கும் என்று தெரியாது. சொல்லித் தருவது விடுதியின் கடமை என்று நான் கருதினேன். காப்பாளர் அவ்வாறு கருதவில்லை.

காப்பாளர் என்னிலும் பத்து வயது மூத்த கணிதப் பேராசிரியர். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அது சலவைக் கல்லில் பொறிக்கப்பட்டு விடுதி முகப்பில் இருக்கிறது; அது போதும். ஆண்டுதோறும் புதிய மாணவர்களை மலைக்கு அழைத்துச் செல்வார். தட்டில் கற்பூரம் ஏற்றி, ஒவ்வொருவனும் உள்ளங்கையால் அதை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். கற்பூரம் அணைத்துச் சொன்ன சொல்லை எங்கள் பக்கத்தில் விளையாட்டாக எடுத்துக்கொள்பவர் எவரும் இலர். வாசகத்தை அவரே இயற்றியிருந்தார்: "மது தொடேன். தொட்டால் முருகன் என் கண்ணை அவித்து விடட்டும்."

சத்தியம் இருக்கட்டும், அதனோடு அறிவும் இருக்கட்டும் என்று சொல்லி நான்கு மாலைநேரங்களைக் கேட்டு வாங்கினேன். உணவுக்கூடத்தில், தட்டுகள் கழுவி அடுக்கிய பிறகு, கரும்பலகையை நிறுத்திப் பேசினேன். சாராயத்தில் இருப்பது ஒரு பொருள். வார்னிஷ் ஸ்பிரிட்டில் கலந்திருக்கும் மெதில் ஆல்கஹால் வேறொரு பொருள். மணத்தாலும் நிறத்தாலும் பிரித்தறிய முடியாது. அதைக் குடித்தவன் பல மணி நேரம் ஒன்றும் ஆகாதவன் போலவே நடமாடுவான். பிறகு வயிறு வலிக்கும், வாந்தி வரும், கண்முன் வெண்மையாகப் படரும். படர்ந்த அந்தக் கணமே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எதைக் குடித்திருந்தாலும் நினைவிழந்து கிடப்பவனை மல்லாத்திப் போடாதீர்கள். ஒருக்களித்துக் கிடத்துங்கள், இல்லையேல் தன் வாந்தியிலேயே மூச்சடைத்துச் சாவான். வாயில் மோர் ஊற்றாதீர்கள். தலையில் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டாதீர்கள். தூங்கட்டும் என்று தனியே விட்டுப் போகாதீர்கள். என்ன குடித்தான் என்ற உண்மையை மருத்துவரிடம் சொல்லுங்கள். தோழனைத் தூக்கி வருகிறவனுக்குத் தண்டனை கிடையாது. அதற்கு நான் பொறுப்பு என்றேன்.

இரண்டாம் மாலையோடு காப்பாளர் நிறுத்திவிட்டார்.

"சாராயத்தைப் பத்திப் பாடம் நடத்துறீங்களாமே! அதுக்குப் பேசாம ஒரு கடையே வச்சுரலாமுங்களே" என்றார், அலுவலக எழுத்தர்கள் கேட்கும்படி.

"பாம்புக்கடிக்கு மருந்து சொல்றவன் பாம்பு வளக்குறான்னு சொல்வீங்களா?" என்றேன்.

"மருந்து இருக்கட்டுங்க. இம்புட்டு வெவரம் உங்களுக்கு எங்கிட்டிருந்து வந்துச்சு? அதுதான் எனக்கு யோசனையாக் கெடக்கு."

எழுத்தர்கள் சிரித்தார்கள். அன்று நான் பதில் சொல்லாமல் வெளியேறினேன். அதை என் வாழ்நாளின் பெரும்பிழைகளுள் ஒன்றாகக் கருதுகிறேன்.

கார்த்திகைக் கடைசியில் எனக்குக் காய்ச்சல் கண்டது. மாலைதோறும் குளிர் எடுக்கும். விடியற்காலையில் சட்டை பிழியும்படி வியர்க்கும். வலது விலாவின் அடியில் அம்மிக்குழவியைக் கட்டித் தொங்கவிட்டாற்போல ஒரு பாரம். வலத் தோள்பட்டையில் காரணமில்லாத வலி. பழனியில் பார்த்த வைத்தியர் மலேரியா என்று இரண்டு வாரம் கொயினா கொடுத்தார். விழிவெண்மையில் மஞ்சள் ஏறியது. என் மனைவி கமலத்தின் தம்பி கோடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தான். அங்கே மிஷன் மருத்துவமனையில் நல்ல மருத்துவர் இருப்பதாக எழுதி, தானே வந்து அழைத்துப் போனான். வத்தலக்குண்டைக் கடந்து மலைப்பாதையில் பேருந்து திரும்பிய ஒவ்வொரு வளைவிலும் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். கமலம் தன் மடியில் என் விலாவை ஏந்தியபடி, கண்டக்டரிடம், "வெரசாப் போக வேணாம்ணே, ஆடாமப் போனாப் போதும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் ஈரக் கம்பளி வாடை. கம்பளி போர்த்திய மலைக்காரர்களுக்கு நடுவே விசுப்பலகையில் மூன்று மணி நேரம் அமர்ந்திருந்தேன். இரத்தம் எடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். மறுநாள் காலை மலத்தைத் தீப்பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். ஆனர்ஸ் பட்டம் பெற்ற ஒருவன் தீப்பெட்டியை ஏந்தி வரிசையில் நிற்பது எத்தகைய அனுபவம் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. எனக்கு முன்னால் நின்றவர் "சார், நெருப்பு இருக்குங்களா?" என்று கேட்டார்.

இவற்றைவிட என்னைச் சுட்டது ஒரு கேள்வி. சீட்டு எழுதியவர் கேட்டார், நர்ஸ் கேட்டார், டாக்டரம்மாளும் கேட்டார்: "குடிப்பீங்களா?"

மூன்றாம் முறை நான் விடை கூறுமுன் கமலம் முந்திக்கொண்டாள். "மோர்ல கொஞ்சம் புளிச்ச வாடை வந்தாலே இவுக கொட்டிப்புடுவாக டாக்டரம்மா. இன்னொருக்கக் கேக்காதீக."

டாக்டரம்மாள் திருநெல்வேலிப் பக்கத்தவர். நரைத்த தலை, தாழ்ந்த குரல். "கோவப்படாதீங்க. ஈரல்ல சீழ்க்கட்டி இருக்கு. கள்ளு, சாராயம் குடிக்கிறவங்களுக்கு இது அதிகமா வரும். அதனால கேட்டே ஆகணும். இல்லேன்னா அடுத்த கேள்வி: தண்ணி எங்க குடிக்கிறீங்க?"

அமீபா என்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் என்று விளக்கினார். அசுத்த நீரோடு குடலுக்குள் போகும். சிலருக்குச் சீதபேதியாக நின்றுவிடும். சிலருக்கு இரத்தத்தின் வழியே ஈரலுக்கு ஏறி அங்கே சதையைக் கரைத்துக் கட்டியாகும். உடைந்தால் நுரையீரலுக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ சீழ் பாயும். நான் தண்ணீர் குடித்தது விடுதிக் கிணற்றில். துணைக் காப்பாளன் மாணவரோடு அமர்ந்து, மாணவர் குடிக்கும் நீரையே குடிக்க வேண்டும் என்பது நானே ஏற்றுக்கொண்ட நெறி. கிணற்றுக்கும் கழிப்பிடத் தொட்டிக்கும் இடையே இருந்த சுவர் இடிந்து கிடப்பதைப் பற்றி அந்தக் கோடையில் காப்பாளருக்கு இருமுறை எழுதியிருந்தேன். இரண்டுக்கும் விடை வரவில்லை.

விலா எலும்புகளுக்கு நடுவே நீண்ட ஊசியைச் செலுத்திச் சீழை இழுத்தார்கள். வெள்ளையாக வரும் என்று நினைத்தேன். அரைத்த மிளகாய் மசாலாவைப் போலக் கருஞ்சிவப்பாக வந்தது, கிண்ணம் நிறைந்தது. பிறகு எமெட்டின் என்னும் ஊசி, நாளுக்கு ஒன்று. அது அமீபாவைக் கொல்லும். கூடவே இதயத்தையும் தளர்த்தும். ஆகையால் அந்த நாட்களில் எழுந்து உட்காரவும் கூடாது, படுத்தே கிடக்க வேண்டும் என்பது கட்டளை. கமலம் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தாள். கஞ்சிச் செம்பைத் தன் தம்பியின் கம்பளி மப்ளரில் சுற்றி மூடுபனிக்குள் நடந்து கொண்டுவருவாள். எனக்கு முகம் மழிக்க அவளே கற்றுக்கொண்டாள். மழிக்காத முகத்தோடு என்னை எவரும் பார்த்துவிடக் கூடாது என்பதில் என்னைவிட அவளுக்கே கவலை.

பக்கத்துக் கட்டிலில் மன்னவனூர் வேலுச்சாமி. உருளைக்கிழங்கு மூட்டை வண்டி சாய்ந்து கால் முறிந்தவர். மூன்று நாள் என்னைக் கவனித்துவிட்டுப் பேசினார்.

"வாத்தியாரய்யா, ஒரு சந்தேகம். நீங்க ஒரு சொட்டுத் தொட்டதில்ல; உங்களுக்கு ஈரல் கெட்டுக் கெடக்கு. நான் தொடாத நாளே இல்ல. எனக்குக் காலு மட்டுந்தேன் ஒடிஞ்சு கெடக்கு. முருகன் சீட்டை மாத்திக் குடுத்துட்டானோ?"

நான் எளிதில் சிரிப்பவன் அல்லன். அன்று சிரித்து, ஊசி குத்திய இடம் நொந்து, நர்சிடம் திட்டும் வாங்கினேன்.

தைப் பொங்கல் விடுமுறையில் விடுதி மாணவர் சிலரோடு காப்பாளர் உல்லாசப் பயணமாகக் கோடைக்கானல் வந்தார். ஏரிக்கு மேலே ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வந்த மறுநாள் பத்து மாணவர்களையும் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தையும் கொண்டு என் கட்டிலருகே வந்து நின்றார். நர்சிடம் உரக்கக் கேட்டார்: "ஈரல் கேசுங்களா?"

"ஆமா சார்."

மாணவர்கள் பக்கம் திரும்பினார். "நல்லாப் பாத்துக்கங்கப்பா. ஈரல் எதனால கெடும்னு உங்க சாரே உங்களுக்குப் பாடம் நடத்தியிருக்காரு."

ஒரு மாணவனும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர்கள் தரையைப் பார்த்தார்கள், அதாவது நம்பினார்கள். எழுந்து உட்காரவும் அனுமதியற்றவனாக, போர்வைக்குள் முஷ்டியை மடக்கிக் கிடந்தேன். அவர் போன பின் கமலம் ஆரஞ்சுப் பையை எடுத்து வேலுச்சாமியின் கட்டிலில் வைத்தாள். "இந்தாங்கண்ணே. இவுகளுக்கு இது ஒத்துக்காது."

அன்றே கல்லூரி நிர்வாகக் குழுவின் கடிதமும் வந்தது. என் நோயின் தன்மையைப் பற்றி விடுதிக் காப்பாளர் கவலை தெரிவித்திருப்பதாகவும், மருத்துவச் சான்றுடன் விளக்கம் அளிக்கும்வரை விடுதிப் பொறுப்பிலும் விரிவுரையாளர் பதவியிலும் நான் நீடிப்பதைப் பற்றி முடிவு செய்ய இயலாது என்றும் எழுதியிருந்தார்கள். குடியன் என்ற சொல் கடிதத்தில் இல்லை. அது தேவைப்படவும் இல்லை.

அவர்கள் மலைக்கு வந்த மூன்றாம் நாள் பிற்பகல், வில்பட்டியைச் சேர்ந்த எங்கள் மாணவன் முத்துக்கருப்பன் இன்னொரு மாணவனை முதுகில் சுமந்துகொண்டு வார்டுக்குள் வந்தான். சுமக்கப்பட்டவன் விழிகளைத் திறந்தே வைத்திருந்தான். அவற்றில் பார்வை இல்லை. அவன் பெயரையும் நான் எழுதமாட்டேன், காரணம் வேறு.

முத்துக்கருப்பன் மூச்சு வாங்கச் சொன்னது இது. பங்களாவில் தச்சர்கள் கதவுகளுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தார்கள். குளிருக்கு ஒரு மடக்குப் போட்டால் என்ன என்று இவன், தச்சர் வைத்துவிட்டுப் போன ஸ்பிரிட்டைக் கலர் சோடாவில் கலந்து குடித்திருக்கிறான். மறுநாள் காலை நன்றாகவே இருந்தான். மாலையில் வாந்தி. காப்பாளரிடம் அஜீரணம் என்றார்கள். அவர் ஓமத்தண்ணீர் கொடுத்தார். அடுத்த நாள் காலை, வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போது, இவன் முற்றத்தில் நின்று, "என்னடா, மூடுபனி எறங்கிருச்சா?" என்று கேட்டிருக்கிறான்.

"அப்பவே கூட்டிட்டு வரவேண்டியதுதானே?" என்றேன்.

முத்துக்கருப்பன் அழுதான். "சார், கண்ணு மங்கினா ஆசுபத்திரின்னு நீங்க சொன்னீங்க. தொட்டாக் கண்ணு அவிஞ்சு போகும்னு வார்டன் சார் சத்தியம் வாங்கினாரு. ரெண்டும் ஒண்ணா நடந்துச்சு சார். எது நடக்குதுன்னு எங்களுக்குத் தெரியல. முருகன் குத்தமாத்தான் இருக்கும்னு குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனோம். பழனிமலை தெரியிற பக்கமா இவன நிறுத்தி, மஞ்சத்துணியில காசு முடிஞ்சு, மொட்டை போடுறதா வேண்டிக்கிட்டோம். மத்தியானம் வரைக்கும் மலை தெரியுதாடா, தெரியுதாடான்னு கேட்டுக்கிட்டே நின்னோம்."

சாபம் கேட்ட உறுப்பும், மெதில் ஆல்கஹால் முதலில் அழிக்கும் உறுப்பும் ஒன்றாயின. கண் என்று எழுதாமல் கை என்றோ கால் என்றோ எழுதியிருந்தால் அந்தப் பையன்கள் காலையிலேயே வந்திருப்பார்கள். வாசகத்தை இயற்றியவருக்கு இதை நான் பின்னர் நேரில் சொன்னேன்.

டாக்டரம்மாள் பையனைச் சோதித்து, சோடா உப்பு நீரை ஊசி வழியே ஏற்ற ஏற்பாடு செய்தார். பிறகு பூட்டிய அலமாரியிலிருந்து பிராந்திப் புட்டியை எடுத்து, அளவைக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட்டார்: இரண்டு அவுன்சு, நீர் கலந்து, உடனே, பிறகு குறித்த நேரங்களில். எனக்கு விளங்கிற்று. மற்றவர்க்காக எழுதுகிறேன். மெதில் ஆல்கஹால் உள்ளே போனவுடன் விஷமாவதில்லை. உடல் அதை உடைக்கும்போதே விஷம் பிறக்கிறது. சாதாரண மது உடனிருந்தால் உடல் அதை முதலில் உடைக்கப் போய்விடும். மற்றது உடையாமல் மெல்ல வெளியேறும். மருத்துவர் அளந்து, காவலிருந்து கொடுக்க வேண்டிய மருந்து அது. தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் கண் நரம்பு வெந்துகொண்டிருக்கும். கொடுக்க வேண்டியதை நர்சிடம் ஒப்படைத்துவிட்டு, பிரசவ கேஸ் ஒன்று சிக்கலாகி அழைப்பு வர, டாக்டரம்மாள் அறுவை அறைக்கு ஓடினார்.

நர்ஸ் கோப்பையை நீட்டினாள். பையன் வாயை மூடிக்கொண்டான். எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு கட்டில்தான். நான் எழுந்தேன். கமலம் கையைப் பிடித்தாள்; பிறகு அவளே தோள் கொடுத்தாள். அவனருகில் அமர்ந்து கோப்பையை வாங்கினேன். நாற்பத்திரண்டு வயதில் மதுக் கோப்பை என் கையில் இருந்தது அதுவே முதல் முறை.

"குடிப்பா."

"வேணாம் சார். ஒரு தடவ தொட்டதுக்கே இப்படி. இன்னொரு தடவ தொட்டா மிச்சமும் போயிரும்."

"உன் கண்ணைக் கெடுத்தது மெதில் ஆல்கஹால். கரும்பலகையில எழுதிக் காட்டினேன்ல?"

"சூத்திரமெல்லாம் ஞாபகம் இல்ல சார். சத்தியந்தான் ஞாபகம் இருக்கு."

வேலுச்சாமி தன் கட்டிலிலிருந்து, "ஏலே தம்பி, நல்ல சரக்குடா, ஆசுபத்திரிச் சரக்கு! எனக்கெல்லாம் கேட்டாலும் தரமாட்டேங்கிறாக. முழுங்குடா!" என்றார். பையன் உதட்டோரம் சிரிப்பு ஓடியது. கோப்பையை அவன் வாயருகே கொண்டுபோனேன், உதடு பட்டது.

"என்ன நடக்குது இங்க?"

வாசலில் காப்பாளர். பையனுக்கு அவர் உருவம் தெரியவில்லை, குரல் தெரிந்தது. வாய் மூடிக்கொண்டது.

"விடுதியில நடத்தவிடலைன்னு இங்க வந்து பாடம் நடத்துறீங்களா? இது என்னங்க? பிராந்தியா?"

"டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து. விஷத்துக்கு முறிவு. நோட்டைப் பாருங்க."

அவர் பார்க்கவில்லை. நர்சிடம் திரும்பினார். "இந்தப் பையனுக்கு இங்க நாந்தான் கார்டியன். இவனுக்கு மது குடுக்க நான் சம்மதிக்கல. குடுத்தா போலீசுல எழுதிக் குடுப்பேன்." பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு வேணும்னா நீங்களே குடிச்சுக்கங்க. பழக்கந்தானே?"

நர்ஸ் இளம் பெண், அஞ்சிவிட்டாள். கோப்பையை என் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள். முத்துக்கருப்பன் அறுவை அறைக் கதவைப் போய்த் தட்டினான். உள்ளே தாயும் குழந்தையும் இழுபறியில் இருந்தார்கள், கதவு திறக்கவில்லை. என் மார்பு படபடத்துக் கண் இருட்டியது. கமலம் என்னைக் கிடத்தினாள். படுத்தபடியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. அந்த ஒரு மணி நேரமும் காப்பாளர் பையனின் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். இடையிடையே, "முருகா முருகான்னு சொல்லுப்பா" என்று பையனுக்குச் சொன்னார். அவனும் சொல்லிக்கொண்டிருந்தான்.

என்னைக் குடியன் என்றதைக்கூட நான் ஒருவேளை மன்னித்திருப்பேன். அந்த ஒரு மணி நேரத்தை மன்னிக்கவில்லை. இனியும் மன்னிக்க மாட்டேன்.

டாக்டரம்மாள் கையில் ஈரம் உலராமல் வந்தார். மேசைமேல் நிறைந்த கோப்பையைக் கண்டார். "நீங்க வெளிய போங்க சார்" என்றார் காப்பாளரிடம், அவ்வளவே. போனார். ஆனாலும் பையன் வாய் திறக்கவில்லை. டாக்டரம்மாள் கெஞ்சினார், அதட்டினார். அப்போது நான் மீண்டும் எழுந்துபோய் அவன் வலது உள்ளங்கையை, கற்பூரம் அணைத்த அந்தக் கையை, என் தலைமேல் வைத்துக்கொண்டேன்.

"மலைக்கோயில் பூக்காரர் வீட்டுப் பிள்ளை சொல்றேன். உன் சத்தியத்தை நான் வாங்கிக்கிட்டேன். கண்ணு போகணும்னா என் கண்ணு போகட்டும். இப்பக் குடி."

இரசாயனம் படித்தவன் சொல்லக்கூடிய வார்த்தையா என்று பின்னாளில் நண்பர்கள் கேட்டார்கள். அவன் குடித்தான். அதுவே என் பதில்.

உயிர் தப்பினான். வலக்கண்ணில் வெளிச்சம் இருள் என்ற வேறுபாடு மட்டும் நின்றது. இடக்கண் ஒரு மாதத்தில் தேறி, பெரிய எழுத்தைப் படிக்கும் அளவுக்கு வந்தது. முன்னதாகக் கொடுத்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று டாக்டரம்மாளைக் கேட்டேன். "நிச்சயமாச் சொல்ல முடியாது. இதைவிடக் கூட இருந்திருக்கும்" என்றார். இதை எழுதித் தர முடியுமா என்றேன். எழுதித் தந்தார்.

மாசியில் நான் ஊர் திரும்பியபோது எனக்கு முன்பே செய்தி திரும்பியிருந்தது: ஈரல் கெட்ட துணைக் காப்பாளன் மருத்துவமனையில் மாணவனுக்குப் பிராந்தி கொடுத்தான், பையனுக்குக் கண் போயிற்று. அடிவாரத்தில் என் தமக்கை மகளின் சம்பந்தப் பேச்சு நின்றது. முத்துக்கருப்பனை விடுதியிலிருந்து நீக்கிவிட்டிருந்தார்கள், குடித்தவனுக்கு உடந்தையாம்.

நிர்வாகக் குழுவின் முன் ஒன்றரை மணி நேரம் நின்றேன். உட்காரச் சொன்னார்கள்; மறுத்தேன். டாக்டரம்மாளின் கடிதத்தை வைத்தேன். என் கட்டி கிணற்று நீரால் வந்தது. கிணற்றைப் பற்றி நான் எழுதிய இரு கடிதங்களின் நகல் இதோ. பிராந்தி கொடுக்கச் சொன்னவர் மருத்துவர். அவர் கையொப்பமிட்ட குறிப்பு இதோ. ஒரு மணி நேரம் தடுத்தவர் இவர். பிறகு, சத்திய வாசகத்தை எல்லோரும் கேட்கக் காப்பாளரே படிக்க வேண்டும் என்று கோரினேன். படித்தார். "கண்ணை" என்ற சொல்லில் அவர் குரல் தடுக்கியது. தடுக்கியதை நான் கேட்டேன் என்பதை அவரும் அறிந்தார்.

குழுவினர் என்னைத் தனியே அழைத்துச் சமாதானம் பேசினார்கள். கோடையோடு அவர் ஓய்வு பெறுகிறார். கல்லூரியின் பெயர் இருக்கிறது. என்மேல் குற்றமில்லை என்று எழுதிக்கொள்கிறோம். வெளியே பேச வேண்டாம் என்றார்கள். நான் இரண்டு கேட்டேன். முத்துக்கருப்பனை மீண்டும் சேர்க்க வேண்டும். டாக்டரம்மாளின் கடிதத்தை, பையனின் பெயரை மட்டும் மறைத்து, உணவுக்கூடச் சுவரில் ஒட்ட வேண்டும். இரண்டும் நடந்தன.

பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்று மாதமும் காப்பாளர் அந்தக் கடிதத்தின் கீழேதான் உணவருந்தினார். அவருடைய இருக்கையை வேறிடத்துக்கு மாற்றக் கேட்டாராம். சமையற்காரர் என்னிடம் வந்து சொன்னார். வேண்டாம், வழக்கமான இடத்திலேயே இலை போடுங்கள் என்றேன். நான் அவர் எதிரே அமர்ந்து, அவர் தலை நிமிரும்போதெல்லாம் என் முகம் தெரியும்படி உண்டேன். இதை வன்மம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். வன்மந்தான்.

அடுத்த ஆடியில் விடுதிப் பொறுப்பு எனக்கு வந்தது. கிணற்றுச் சுவரைக் கட்டினேன். நான்கு மாலைகளும் நடந்தன. கற்பூரச் சத்தியத்தை நான் நிறுத்தவில்லை. சாபத்தை நீக்கிவிட்டு, "தோழன் விழுந்தால் தூக்குவேன், உண்மை சொல்வேன்" என்று மாற்றினேன். நான் ஓய்வு பெறும்வரை, இரண்டு முறை மாணவர்கள் தோழர்களைத் தூக்கி வந்தார்கள். இரண்டு முறையும் நேரத்தோடு வந்தார்கள்.

அண்மையில் விடுதியின் விழா மலர் வெளிவந்தது. காலமான காப்பாளரைப் பற்றிய கட்டுரையில், தோழனைத் தூக்கி வருவோர்க்குத் தண்டனை இல்லை என்ற விதியை அவரே வகுத்தார் என்றும், அவர் காலத்தில் துணைக் காப்பாளர் ஒருவர் கொடுத்த மதுவால் மாணவன் ஒருவன் இரு கண்களையும் இழந்தான் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

அந்த விதியைச் சொன்னவன் நான். சொன்னதற்காக என் பாடத்தை நிறுத்தியவர் அவர். நான் கொடுத்த மதுவால் எவனும் கண்ணிழக்கவில்லை. பையன் இழந்தது ஒரு கண். இடக்கண்ணால் இன்றும் எனக்குத் தன் கையாலேயே கடிதம் எழுதுகிறான்.